சொந்தக் காசில் புஸ்தகம் போடலாமா?

"புஸ்தகம் போட்டிருக்கேன்" என்று ஒரு பெண் சொன்னால், நம் ஊரில் முதல் கேள்வி "என்ன புஸ்தகம்?" என்பதில்லை. "யாரு போட்டாங்க?" என்பதுதான்! பெரிய பதிப்பகத்தின் பெயரைச் சொன்னால் "அப்படியா!" என்று புருவம் உயரும். "நானேதான் போட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். "ஓ... சொந்தக் காசா?" என்பார்கள். அந்த "ஓ"வுக்கு அப்புறம் புஸ்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கடையில் வாங்கின முறுக்கைவிட வீட்டில் சுட்ட முறுக்குக்குத்தானே மதிப்பு? புஸ்தக விஷயத்தில் மட்டும் அது ஏன் தலைகீழாக இருக்கிறதோ தெரியவில்லை.

இந்தக் கேள்வி எனக்கு வந்ததே என் நாத்தனாரால்தான். கும்பகோணத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். இருபது வருஷமாகப் பத்திரிகைகளில் கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். 26 கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் கத்தரித்து, ஒரு பழைய பட்டுப்புடவைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். "அண்ணி, எல்லாத்தையும் ஒரு புஸ்தகமா பாத்துட்டா போதும்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வாள். நாலைந்து பதிப்பகங்களுக்கு அனுப்பினாள். இரண்டு இடத்திலிருந்து பதிலே இல்லை. ஒரு இடத்தில், "சிறுகதைத் தொகுப்பு விற்பதில்லை, நாவல் இருந்தால் அனுப்புங்கள்" என்று மரியாதையாகவே எழுதிவிட்டார்கள். அப்புறம் ஒரு நாள் போன்: "அண்ணி, எடுத்துக்கிட்டாங்க!"

கடிதத்தைப் படிக்கச் சொன்னேன். முதல் பாரா முழுக்கப் பாராட்டு. இரண்டாவது பாராவில், "ஆசிரியரின் பங்களிப்பாக ரூபாய் 48,000 மட்டும்." 300 பிரதி அச்சிடுவார்களாம். அதில் 50 பிரதி இவளுக்கு இனாம். மீதிக்கு விற்றால் 10 சதவிகிதம் ராயல்டி. கடைசியில் பொடி எழுத்தில், "அனைத்து உரிமைகளும், அனைத்து வடிவங்களிலும், நிரந்தரமாக" அவர்களுக்கு. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சொன்னார்: "பொண்ணு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டு, சீர் எவ்வளவு செய்வீங்கன்னு கேக்கற மாதிரி இருக்கே!"

பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டோம். புஸ்தகம் விலை 200 ரூபாய் என்று வையுங்கள். 250 பிரதியும் விற்றே விட்டாலும் ராயல்டி 5,000. கையிலிருக்கும் 50 பிரதியை ஒன்று விடாமல் இவளே விற்றால் 10,000. ஆக 15,000. மீதி 33,000 போனது போனதுதான். அதோடு கதைகளும் இவளுடையவை இல்லை! நாளைக்கு ஒரு கதையை யாராவது பாடப் புஸ்தகத்தில் போட வேண்டுமென்றாலோ, குறும்படம் எடுக்க வேண்டுமென்றாலோ, அனுமதி கேட்க வேண்டியது இவளை அல்ல.

இது எதில் சேர்த்தி சொல்லுங்கள்? பதிப்பகம் போட்ட புஸ்தகமா, சொந்தக் காசில் போட்டதா? இரண்டும் இல்லை. பணம் நம்முடையது, உரிமை அவர்களுடையது. உண்மையான பதிப்பாளர் தன் பணத்தைப் போட்டு, நஷ்டம் வந்தால் தானே தாங்கிக்கொள்கிறவர். நாமே போடுவது என்றால், நஷ்டமும் நமக்கு, உரிமையும் நமக்கு. நடுவில் இருக்கிற இந்த மூன்றாவது ரகத்தைத்தான் நான் அடையாளம் காட்ட விரும்புகிறேன். ஏனென்றால் அவர்கள் குறி வைப்பதே நம்மைப் போன்றவர்களை. வீட்டில் இருக்கிறவள், எழுத ஆசை, அச்சில் பெயர் பார்க்க ஆசை, ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லை!

எனக்குத் தெரிந்த எழுதுகிற பெண்களிடம் அபிப்ராயம் கேட்டேன். ஆளுக்கு ஒரு கட்சி! நிறைய நாவல் எழுதிய ஒரு அம்மாள், "நானே போட்டா எனக்கு நானே மார்க் போட்டுக்கற மாதிரிம்மா. வேற ஒருத்தர் படிச்சுப் பாத்து, இது தேறும்னு தன் பணத்தைப் போடணும். அதுதான் கௌரவம்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நல்ல பதிப்பகத்தில் ஒருவர் உட்கார்ந்து படிப்பார். "மூணாவது அத்தியாயத்துல செத்துப்போன பாட்டி, ஏழாவதுல வெத்தலை இடிக்கறாளே!" என்று கேட்பார். அந்தக் கண் நமக்கு வராது. ஆனால் அதே அம்மாள் இன்னொன்றும் சொன்னார். மாத நாவல் பத்திரிகைகளுக்கு எழுதிய காலத்தில் ஒரு தொகை கொடுப்பார்கள், அத்தோடு சரி. அந்த நாவல் அப்புறம் எத்தனை தடவை அச்சானது, யார் எடுத்துப் போட்டார்கள் என்று அவருக்கே தெரியாதாம். கௌரவத்தோடு கூடவே வந்த விஷயம் இது!

ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் நேர் எதிர்க் கட்சி. பெண்களின் தாலாட்டு, நலங்குப் பாட்டு என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதி வைத்ததை பி.எஃப். பணத்தில் அவரே அச்சுப் போட்டார். "யார் யார் கால்லயோ விழுந்து காத்திருக்கறதுக்கு எனக்கு வயசில்லை" என்றார். சரி, புஸ்தகம் வந்தது. பாதிப் பிரதிகள் இன்னும் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. பெருக்கும்போதெல்லாம் கட்டை இழுத்து, பெருக்கி, திரும்பத் தள்ளுகிறாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் கேட்கச் சங்கடமாக இருந்தது.

சொந்தக் காசு என்றால் மட்டம் என்கிறார்களே, அவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1887ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டாரே, எந்தப் பதிப்பகம் போட்டது? முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் வாங்கி, பணம் திரட்டி, அவரேதான் அலைந்து முடித்தார். பாரதியார் 1920ல் தம் எழுத்தையெல்லாம் 40 புஸ்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி போடப்போவதாகச் சொல்லி, நண்பர்களிடம் கடன் கேட்டு எழுதினார். பணம் வரவில்லை. மறு வருஷம் அவரே போய்விட்டார். அப்புறம் யார் போட்டார்கள்? செல்லம்மாள்தான்! பாரதி ஆச்ரமம் என்று ஒரு பெயர் வைத்து 1922ல் சுதேச கீதங்களை வெளியிட்டார். புருஷன் போன மறு வருஷம், இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு, அந்தக் காலத்து விதவை ஒருத்தி செய்த காரியம் அது. பிற்பாடு உரிமை கை மாறிப் போய், 1949ல் அரசாங்கமே வாங்கிக்கொண்டது. பொதுவுடைமை ஆனது அதற்கப்புறம்.

வை.மு. கோதைநாயகி அம்மாளைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. ஐந்தரை வயசில் கல்யாணம். பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை. முதல் நாடகத்தை வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற சிநேகிதி எழுதிக்கொடுத்தாராம். அவர் 1925ல் நின்றுபோயிருந்த ஜகன்மோகினி பத்திரிகையை எடுத்து நடத்த ஆரம்பித்தார். சுமார் 35 வருஷம் நடத்தினார். 115 நாவல்கள்! யாராவது போட மாட்டார்களா என்று காத்திருந்தால் அத்தனையும் வந்திருக்குமா?

சி.சு. செல்லப்பாவையும் சொல்லலாம். 1959ல் 'எழுத்து' பத்திரிகை ஆரம்பித்து 119 இதழ்கள் கொண்டுவந்தவர், புஸ்தகங்களையும் தாமே அச்சிட்டு, மூட்டையாகத் தூக்கிக்கொண்டு காலேஜ் காலேஜாகப் போய் விற்றவர். எண்பது வயசுக்கு மேல் 1997ல் 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலை மூன்று பாகமாக அவரே வெளியிட்டார். அடுத்த வருஷம் காலமானார். 2001ல் அதற்குத்தான் சாகித்ய அகாதமி பரிசு. சொந்தக் காசில் போட்ட புஸ்தகம்தான், சகோதரிகளே! (இந்த மாதிரிக் கதைகளைக் கேட்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். எழுத்தாளர் வீட்டுக் கதைகளில் மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகாத கதை ரொம்பக் குறைச்சல். அந்த அம்மாள்களின் பெயரை எந்த அட்டையிலும் காணோம்.)

அதெல்லாம் பெரியவர்கள் சமாசாரம் என்கிறீர்களா? சரி, நம் சமையலறைக்கே வருவோம். 'சமைத்துப் பார்' தெரியுமல்லவா? எத்தனை கல்யாணத்தில் பெண்ணோடு கூடவே புக்ககத்துக்குப் போயிருக்கிறது! எஸ். மீனாட்சி அம்மாள் இளம் வயசிலேயே கணவரை இழந்தவர். கைமணம் நன்றாக இருக்கிறதே என்று உறவுக்காரப் பெண்கள் குறிப்புக் கேட்டு எழுதுவார்களாம். "ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதறதுக்கு ஒரு புஸ்தகமாவே போட்டுடேன்" என்று அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் சொல்ல, 1951ல் முதல் பாகத்தைத் தாமே வெளியிட்டார். வீசை, ஆழாக்கு, ரூபாய் எடை என்று அந்தக் கால அளவுகள். ஆனால் ஒரு படியும் விட்டுப்போகாது. எண்ணெய் எப்போது காய வேண்டும், பருப்பு எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரி இருக்கும். 1962ல் அவர் காலமான பிறகும் குடும்பத்தார் அவர் பெயரிலேயே வெளியிட்டு வந்திருக்கிறார்கள். இங்கிலீஷிலும் வந்தது. உரிமை வீட்டை விட்டுப் போகவில்லை, கவனித்தீர்களா?

உரிமை போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சமையல் புஸ்தகமே சாட்சி. இது அமெரிக்காவில் நடந்தது. செயின்ட் லூயிஸ் நகரத்தில் இர்மா ராம்பவர் என்று ஒரு அம்மாள். 1930ல் அவர் கணவர் தற்கொலை செய்துகொண்டார். ஐம்பது வயசுக்கு மேல், கையில் கொஞ்சம் பணம், மனசு பூரா துக்கம். சமையல் குறிப்புகளைத் திரட்டி, 1931ல் லேபிள் அச்சடிக்கிற ஒரு கம்பெனியில் கொடுத்து 3,000 பிரதி போட்டார். அட்டைப்படம் பெண் வரைந்தது. 'ஜாய் ஆஃப் குக்கிங்' என்று பெயர். 1936ல் ஒரு பெரிய பதிப்பகம் எடுத்துக்கொண்டது. அங்கேதான் வந்தது வினை! புதுப் பதிப்போடு, அவர் சொந்தப் பணத்தில் போட்ட பழைய பதிப்பின் உரிமையும் சேர்ந்து பதிப்பகத்துக்கே எழுதிக்கொடுக்கப்பட்டுவிட்டது. புஸ்தகம் கோடிக்கு மேல் விற்றது. அம்மாளும் பெண்ணும் பதிப்பகத்தோடு வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். பெரிய பதிப்பகம் இல்லாவிட்டால் அத்தனை வீட்டுக்கும் அது போயிருக்காது என்பதும் நிஜம்தான். ஒரு கையெழுத்தில் எத்தனை விஷயம் இருக்கிறது பாருங்கள்.

நம் ஊர்ச் சட்டம் இதில் நமக்கு ஓரளவு துணை இருக்கிறது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி எழுதினவளுக்கே உரிமை. எங்கேயும் போய்ப் பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆயுள் முழுக்கவும், அதற்கப்புறம் 60 வருஷமும் செல்லும். ஆக, இது நம் பிள்ளைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும் போகிற சொத்து, நகை மாதிரி. இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் எழுத்து மூலம், நம் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருஷம் என்றே அர்த்தம். எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிக்கொண்டவர் ஒரு வருஷத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, உரிமை நம்மிடமே திரும்பிவிடும். இதனால்தான் சில பேர் "நிரந்தரமாக", "உலகம் முழுவதும்" என்று முந்திக்கொண்டு எழுதி வைக்கிறார்கள்! அந்த வார்த்தைகளை அடித்துவிட்டு "5 வருஷம்", "இந்தப் பதிப்புக்கு மட்டும்" என்று எழுதச் சொல்லலாம். கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. நல்ல பதிப்பாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி, நாமே போடுவதென்றால் என்ன கஷ்டம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அச்சுக் கோக்கிற காலம் மாதிரி இல்லை இப்போது. முன்னெல்லாம் ஆயிரம் பிரதிக்குக் குறைந்தால் பிரஸ்காரர் முகம் கொடுத்துப் பேச மாட்டார். இப்போது 50, 100 என்றுகூட அச்சிடலாம். ஆர்டர் வர வர ஒவ்வொன்றாக அடித்துக் கொடுக்கிற முறையும் வந்துவிட்டது. கிண்டிலில் 2016லிருந்து தமிழ்ப் புஸ்தகங்கள் வருகின்றன. அதில் அச்சுச் செலவே இல்லை. நிபந்தனையைப் பொறுத்து விலையில் 35 அல்லது 70 சதவிகிதம் எழுதினவருக்கு. ஐ.எஸ்.பி.என். எண் மத்திய அரசாங்க ஏஜென்சியில் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கென்று தனியாக ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கஷ்டம் மற்ற இடத்தில் இருக்கிறது. ஒன்று, ப்ரூஃப். நாமே எழுதினதை நாமே திருத்தினால் தப்பு கண்ணில் படாது. மனசு சரியாகப் படித்துக்கொண்டே போய்விடும். என் நாத்தனாரின் கதையில் "வாசலில் கோலம் போட்டாள்" என்று இருந்ததை டி.டி.பி.யில் "ஓலம் போட்டாள்" என்று அடித்திருந்தார்கள். அவள் இரண்டு தடவை படித்தும் விட்டுவிட்டாள். வேறு ஒருவர் படிக்க வேண்டும். முடிந்தால் காசு கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல், வேலையெல்லாம் முடித்துவிட்டு, மங்கல் விளக்கில் ப்ரூஃப் பார்க்காதீர்கள். தப்பும் தெரியாது, கழுத்து வலிதான் மிச்சம்.

இரண்டாவது, விற்பனை. இதுதான் மலை. கும்பகோணத்திலேயே ஒரு பிரஸ்ஸில் கேட்டதில் டி.டி.பி., அட்டை, பைண்டிங் எல்லாம் சேர்த்து 200 பிரதிக்கு 26,000 என்றார்கள். ஒன்றுக்கு 130 ரூபாய் அடக்கம். 200 ரூபாய் விலை வைத்துக் கடைக்குக் கொடுத்தால் 40 சதவிகிதம் வரை கழிவு கேட்பார்கள். கைக்கு வருவது 120. ஒவ்வொரு பிரதிக்கும் 10 ரூபாய் நாமே கொடுத்து அனுப்புகிற மாதிரி! கூரியர் செலவு தனி. நேரில் விற்றால் 130 பேர் முழு விலை கொடுத்து வாங்கினால்தான் முதல் திரும்பும். 130 பேர்! உறவில் நாற்பது பேர் இனாமாகவே எதிர்பார்ப்பார்கள். "கையெழுத்துப் போட்டு ஒண்ணு கொடு" என்பார்களே தவிர, பர்ஸைத் திறக்க மாட்டார்கள். புடவைக்கு ஐயாயிரம் கொடுக்கிற கைக்கு 200 ரூபாய் புஸ்தகம் கனக்கிறது!

பதிப்பகத்தின் பலம் இங்கேதான். ஊர் ஊராகக் கடைகள் தெரியும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் ஸ்டால் இருக்கும். 1977லிருந்து நடக்கிற அந்தத் திருவிழாவில், ஒரே ஒரு புஸ்தகம் போட்டவள் தனி ஸ்டால் எடுப்பதெல்லாம் நடக்கிற காரியமா? நூலக ஆணை கிடைத்தால் ஒரே வீச்சில் நூற்றுக்கணக்கில் பிரதிகள் போய்விடும். எப்போது வாங்குவார்கள், எப்போது பணம் வரும் என்பது பதிப்பகத்தாரே பெருமூச்சு விடுகிற விஷயம். ஆனாலும் அவர்களுக்குத் தாங்கிக்கொள்ள வலு உண்டு. நமக்கு அந்த மாசத்துப் பால் கணக்கே இடிக்கும்.

அதனால் நாவல் எழுதுகிறவர்கள், பரவலாக நாலு ஊரில் படிக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள், நல்ல பதிப்பகத்துக்காகக் கொஞ்சம் காத்திருப்பதே நல்லது என்பது என் அபிப்ராயம். ஊர்க் கதை, குடும்பச் சரித்திரம், பாட்டி வைத்தியம், கோலம், பாட்டு என்று இருந்தால், யார் வாங்குவார்கள் என்பது நமக்கே முகம் முகமாகத் தெரியும். அதற்கு நாமே போடலாம். முதலில் நூறு பிரதி போதும். டீச்சர் கட்டிலுக்கு அடியில் இருப்பதெல்லாம் "ஆயிரம் போட்டா ஒண்ணுக்கு அடக்கம் குறையுமே" என்று பிரஸ்காரர் சொன்னதை நம்பினதால் வந்தவை.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியவில்லை. 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி, யார் புஸ்தகம் வெளியிட்டாலும் 30 நாளைக்குள் கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, பம்பாய் மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பிரதி சொந்தச் செலவில் அனுப்ப வேண்டும். பெரிய பதிப்பகத்துக்கும் இதே விதி, உங்களுக்கும் எனக்கும் இதே விதி. "யாரு போட்டாங்க?" என்று கன்னிமாரா கேட்காது.

48,000 ரூபாய்க் கடிதத்துக்கு என் நாத்தனார் "ஒப்பந்தத்தில் ஐந்து வருஷம் என்று மாற்றி, பணம் இல்லாமல் போடுவதாக இருந்தால் சம்மதம்" என்று பதில் எழுதினாள். அப்புறம் அங்கிருந்து சத்தமே இல்லை. இப்போது உள்ளூர்ப் பிரஸ்ஸிலேயே முதலில் 100 பிரதி போடுவதாக ஏற்பாடு. 26 கதையில் ஆறைத் தள்ளிவிட்டாள். "இதெல்லாம் பத்திரிகைக்கு ஆச்சு, புஸ்தகத்துக்கு ஆகாது அண்ணி" என்று அவளேதான் சொன்னாள். செலவில் பாதி அவள் சீட்டுப் பணம், பாதி அவள் வீட்டுக்காரர். வளையல் கையிலேயே இருக்கிறது. மூன்றாவது ஃபாரம் வரை ப்ரூஃப் வந்திருக்கிறது. அவள் படித்த பிறகு நான் படிக்கிறேன். நேற்று 41ஆம் பக்கத்தில் இன்னொரு "ஓலம்" அகப்பட்டது.